மழைக்கால சைக்கிளும் நாங்கள் வாங்கப்போகும் ட்ரெயினரும்

போன மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி ஒரு படம் போட்டான். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை மாட்டி ஓட்டுகிற ஒரு கறுப்பு மெசின். கீழே ஒரே வரி: "அண்ணே, மழைக்கு முன்னுக்கு எல்லாரும் சேந்து இத எடுப்போமா?" அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் இரண்டு வாரம் ஓடியது. "எடுப்போம்" என்று ஒரு கூட்டம், "பைத்தியமா?" என்று ஒரு கூட்டம், விலையைக் கேட்டுவிட்டு வாயே திறக்காமல் ஒரு கூட்டம்.

நாங்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்கு மாதம் 500 ரூபா என்று பத்து மாதம் சேர்த்ததில் கையில் இருப்பது 60,000 ரூபா. இந்தக் காசை எதில் போடுவது என்று முடிவெடுக்க, வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டும் ட்ரெயினர்களைப் பற்றிக் கொஞ்சம் ஆழமாகவே படித்தோம். எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கொட்டகலை மாதிரி ஊருக்கு ஸ்மார்ட் ட்ரெயினர் சரிவராது. பின் சக்கரத்தைக் கழற்றாமலே மாட்டுகிற சாதாரண காந்த ட்ரெயினர், அதுவும் பாவித்த ஒன்று, அதுவும் பொது இடத்தில் வைக்கிற ஒன்று போதும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம். ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதுங்கள், போடுகிறோம்.

நம்ம குளிர்காலம் டிசம்பர் இல்லை

இணையத்தில் ட்ரெயினர் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பனி கொட்டுகிற நாட்டுக்காரர்கள். அவர்களுக்கு நவம்பரில் தொடங்கி மார்ச் வரை ரோட்டில் இறங்க முடியாது. நமக்குக் கதை வேறு. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும், கை விறைக்கும், ஆனால் ரோடு காய்ந்திருக்கும். சைக்கிள் ஓட்ட அதைவிட நல்ல மாதம் கிடையாது. ஒக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் இடி மழை, காலையில் ஓட்டிவிடலாம்.

எங்களை முடக்குவது தென்மேல் பருவ மழை. மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை. அதிலும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம். கிட்டத்தட்ட 4,000 அடி உயரத்தில், மலையின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறோம். கடலில் இருந்து வருகிற மேகம் நேரே நம்ம மேல்தான் மோதும். சிங்கமலைப் பக்கம் மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு முன்னால் வருகிற லொறியின் லைட்டும் தெரியாது.

ஏ7 வீதியில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஹட்டனில் இருந்து தலவாக்கலை வரை சமதரை என்று ஒன்று இல்லை. ஏற்றம், வளைவு, இறக்கம், வளைவு. நம்மில் பெரும்பாலானவர்களின் சைக்கிளில் இருப்பது ரிம்மைப் பிடிக்கிற பிரேக். ரிம் நனைந்தால் கட்டை முதலில் தண்ணியைத் துடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். அந்த ஒன்றிரண்டு விநாடியில் இறக்கத்தில் சைக்கிள் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

போன ஜூலையில் எங்களில் ஒருவன் பத்தனைப் பக்கம் ஒரு வளைவில் அப்படித்தான் விழுந்தான். காரை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கடை வேலைக்குப் போகவில்லை, ஆறு வாரச் சம்பளமும் இல்லை. அவன் அம்மா சைக்கிளை இஸ்தோப்புத் தூணில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். இன்னமும் தரவில்லை. ட்ரெயினர் பேச்சு எங்களுக்குள் வந்ததே அதற்குப் பிறகுதான்.

"மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ளயா?"

இந்தப் பேச்சைக் கேட்ட ஒரு பெரியப்பா சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஒங்க ஆத்தாமாரெல்லாம் படங்கு கட்டிக்கிட்டு இந்த மழையிலதான் கொழுந்து எடுக்குறாங்க. நீங்க மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ள சைக்கிள் மிதிக்கப் போறீங்களாக்கும்?"

எங்களில் யாருக்கும் உடனே பதில் வரவில்லை. அவர் சொன்னது உண்மை. அட்டைக் கடியோடும் நனைந்த சேலையோடும் மாலையில் வீடு வருகிறவருக்கு முன்னால், நின்ற இடத்தில் நிற்கிற சைக்கிளை மகன் வேர்க்க வேர்க்க மிதித்தால் அது கோமாளித்தனமாகத்தான் தெரியும்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், நம் உடம்பு என்றாலே வேலைக்கு மட்டும்தான் என்று இருநூறு வருடமாகப் பழக்கிவிட்டார்கள். மழையில் கொழுந்தெடுப்பது நம் பெருமை இல்லை, நம் நிலைமை. அந்த நிலைமையில் இருந்து வருகிற பிள்ளை தன் சந்தோசத்துக்காக, தன் உடம்புக்காக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டியது அந்த ஒரு மணி நேரத்துக்காக வீட்டுச் சாமான் காசில் கை வைத்தால்தான். ஆகவே விலை பற்றிப் பேசாமல் ட்ரெயினர் பற்றிப் பேச முடியாது.

என்னென்ன வகை இருக்கிறது

விளம்பரங்களில் நூறு பெயர் இருந்தாலும் அடிப்படையில் மூன்றுதான்.

முதலாவது, ரோலர். மூன்று உருளைகள் உள்ள ஒரு சட்டம். சைக்கிளைக் கட்டுவதில்லை, உருளைகளின் மேல் வைத்துச் சும்மா ஓட்ட வேண்டும். உருண்டு விழாமல் இருப்பது நம் பொறுப்பு. சமநிலைக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. எந்தச் சைக்கிளும் ஏறும். ஆனால் முதல் வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்ட முடியும். கவனம் சிதறினால் கீழே.

இரண்டாவது, பின் சக்கரத்தோடு மாட்டுவது. ஒரு இரும்புச் சட்டம் பின் அச்சை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும், டயர் ஒரு சின்ன உருளையில் அழுந்திச் சுற்றும். அந்த உருளையின் மறுமுனையில் எதிர்ப்பு. அது விசிறியாக இருக்கலாம், காந்தமாக இருக்கலாம், எண்ணெயாக இருக்கலாம். விசிறி வகை பயங்கரச் சத்தம். காந்த வகையில் ஒரு உலோகத் தட்டு காந்தங்களுக்கு நடுவே சுற்றும்போது எதிர்ப்பு உண்டாகும். அதைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன நெம்பு, அதைக் கேபிளால் ஹேண்டிலுக்கும் கொண்டுவரலாம். எண்ணெய் வகையில் நாம் வேகமாக மிதிக்க மிதிக்க எதிர்ப்பு தானாகவே கூடும், சத்தமும் குறைவு. ஆனால் பழசானால் எண்ணெய் கசியலாம்.

மூன்றாவது, எங்கள் தம்பி போட்ட படத்தில் இருந்தது. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை நேரே மெசினில் இருக்கும் பற்சக்கரத்தில் மாட்டுவது. சத்தம் மிகக் குறைவு, டயர் தேயாது. இந்த வகையில் இப்போது வருவதெல்லாம் அநேகமாக ஸ்மார்ட். நாம் எத்தனை வொட் சக்தியில் மிதிக்கிறோம் என்று அளக்கும், கம்பியூட்டரோடு பேசும், திரையில் மலை வந்தால் தானாகவே இறுகும்.

மூன்றாவதுதான் ஆகச் சிறந்தது என்று எந்த இணையத்தளமும் சொல்லும். அது பொய் இல்லை. ஆனால் யாருக்குச் சிறந்தது?

நம்ம காம்பராவுக்கு எது பொருந்தும்

முதல் சிக்கல், அச்சு. இந்த ட்ரெயினர்கள் பெரும்பாலும் நெம்பை இழுத்தால் சக்கரம் கழன்று வருகிற குயிக் ரிலீஸ் சைக்கிளையோ அதைவிடப் புதிய வகையையோ மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. எங்களிடம் இருக்கிற ஏழு சைக்கிளில் ஐந்தில் இருப்பது இரண்டு பக்கமும் நட்டு இறுக்கிய திட அச்சு. லுமாலா வைத்திருக்கிறவர்கள் இப்போதே போய்ப் பாருங்கள். பின் சக்கரத்தோடு மாட்டும் ட்ரெயினர் என்றால் இதற்கு வழி உண்டு: சாதாரண நட்டுக்குப் பதிலாக, ட்ரெயினரின் கிண்ணத்துக்குள் உட்காருகிற கூம்பு வடிவ நட்டு. நல்ல லேத் பட்டறையில் கடைந்தும் வாங்கலாம். மூன்றாவது வகைக்கு அந்த வழி கிடையாது. அதற்கு சைக்கிளின் கியர் எண்ணிக்கைக்குச் சரியான பற்சக்கரம் வேண்டும், பின் கவட்டையின் அகலமும் சேர வேண்டும். ஒற்றைக் கியர் சைக்கிளுக்கு அது கதையே இல்லை. அதாவது 60,000 இல்லை, ஆறு லட்சம் இருந்தாலும் எங்களில் ஐந்து பேருக்கு அதில் ஏற முடியாது.

இரண்டாவது, சுவர். லயத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் தண்ணி எடுத்து வருவார்கள். காலை வேலைக்குப் போகிறவர்கள் படுத்த பிறகு ஒரு இரும்புச் சட்டம் சுவரும் தரையும் அதிர ஊளையிட்டால், மறுநாள் பிரட்டுக்களத்தில் அது பெரிய பிரச்சினையாகும். அதனால் விசிறி வகை வேண்டவே வேண்டாம். முள்ளு முள்ளாக இருக்கிற மலை சைக்கிள் டயரையும் ட்ரெயினரில் போடாதீர்கள். சத்தம் இரண்டு மடங்காகும், உருளையில் ஒழுங்காகப் படியவும் படியாது. வழுவழுப்பான பழைய டயர் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்குக் கீழே பழைய ரப்பர் விரிப்போ மடித்த சாக்கோ போட்டால் அதிர்வு குறையும்.

மூன்றாவது, கரண்ட். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுவது நமக்கு வருடா வருடம் நடப்பது. 2022இல் நாடே ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்மார்ட் ட்ரெயினர்களில் சில சொந்தமாகவே சக்தி உண்டாக்கிக்கொள்ளும். மற்றவை செருகியில் கரண்ட் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சாதாரண காந்த ட்ரெயினருக்கு நம் கால் போதும், குப்பி விளக்கு வெளிச்சத்திலும் ஓட்டலாம்.

நான்காவது, காசு. ஸ்மார்ட் ட்ரெயினர்களில் மலிவான பக்கம் என்று சொல்லப்படுபவையே வெளிநாட்டில் 500 டொலர் அளவில் இருக்கின்றன. ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் 150,000 ரூபா. வரியும் கப்பல் செலவும் வேறு. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. கணக்குப் போட்டால் 111 நாள் வேலை. சாப்பிடாமல், கடன் கட்டாமல், 111 நாள் கொழுந்து. அதோடும் முடியாது. திரையில் ஓட்டுகிற ஸ்விஃப்ட் போன்ற செயலிக்கு மாதம் 20 டொலர் அளவில், அதாவது 6,000 ரூபா கட்ட வேண்டும். மாதாமாதம் நாலரை நாள் சம்பளம். டேட்டாவும் ஓரளவு நல்ல போனோ லெப்டொப்போ தனி.

ஸ்மார்ட் கட்சிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு

எங்களில் நான்கு பேர் இன்னமும் ஸ்மார்ட் பக்கம்தான். அவர்கள் சொல்வதை நாங்கள் தள்ளிவிடவில்லை.

2016இல் மேத்யூ ஹேமன் என்ற அவுஸ்திரேலிய வீரர் போட்டி ஒன்றில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். வெளியில் ஓட்ட முடியாமல் வீட்டுக்குள் ட்ரெயினரிலேயே பயிற்சி செய்து, ஆறு வாரம் போல கழித்து பரிஸ்-ரூபே போட்டியில் முதலாவதாக வந்தார். உலகத்திலேயே மிகக் கடினமான ஒரு நாள் ஓட்டங்களில் அது ஒன்று. 2020 டிசம்பரில் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் ட்ரெயினரில் ஓட்டுகிற உலகச் சாம்பியன் போட்டியையே முதல் தடவையாக நடத்தியது. அவரவர் இருந்த இடத்தில் இருந்தபடியே ஓட்டினார்கள். ஜேர்மனியின் ஜேசன் ஒஸ்போர்னும் தென்னாபிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோவும் வென்றார்கள். ஒஸ்போர்ன் படகோட்ட வீரராகப் பெயர் எடுத்தவர்.

"நம்ம புள்ளைங்க ஒரு ரேஸுக்குக் கொழும்புக்குப் போய் வர்ற காசே இல்லாம நிக்குறாங்க. இங்க இருந்தே உலகத்தோட ஓட்டலாம்னா அது சின்ன விசயமா?" என்று தம்பி கேட்டான். சின்ன விசயம் இல்லை. எங்களில் ஒருவருக்கு உண்மையாகவே போட்டியில் போகிற கால் இருக்கிறது என்று தெரிந்தால், அதற்கு ஆதரவு தேடி முதலில் கதவு தட்டப்போவது நாங்கள்தான். ஆனால் அது ஒருவருக்கான மெசின். இப்போது எங்கள் கையில் இருப்பது பன்னிரண்டு பேரின் காசு.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்மார்ட் ட்ரெயினரின் பெரிய கவர்ச்சியே ஏற்றத்தைப் போலச் செய்து காட்டுவது. நெதர்லாந்து மாதிரி தட்டையான நாட்டில் இருப்பவர் அதற்குக் காசு கொடுக்கலாம். நாம எதுக்குங்க? கதவைத் திறந்தாலே ஏற்றம்தான். வருடத்தில் ஒன்பது மாதம் ஓசியில் கிடைப்பதை மூன்று மாதத்துக்கு ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

பயிற்சிக்குத் திரை வேண்டும் என்றும் இல்லை. போனில் ஒரு கடிகாரம் போதும். பத்து நிமிடம் மெதுவாக மிதித்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு பேச முடியாத அளவு கடினமாக நான்கு நிமிடம், மூன்று நிமிடம் இலேசாக. இப்படி நான்கு தரம். கடைசியில் மெதுவாகக் கொஞ்ச நேரம். முக்கால் மணியில் முடிந்துவிடும்.

எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி

இரண்டு வார வாக்குவாதத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான்: எதை வாங்குவது என்பதைவிட எங்கே வைப்பது என்பது முக்கியம். ஒருவர் வீட்டில் வைத்தால் அது அவர் வீட்டுச் சாமான் ஆகிவிடும். மூன்று மாதம் ஓடும், ஒன்பது மாதம் துணி காயப்போடுகிற கம்பியாக நிற்கும். பொது மண்டபத்திலோ வாசிகசாலையிலோ வைத்தால் பன்னிரண்டு பேருக்கும் முறை வைக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர் என்ற பிரச்சினையும் இல்லை.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒரு தங்கச்சி கேட்டாள்: "முறை போடுறப்ப எங்களையும் சேத்துத்தானே?" ஆறாம் வகுப்பு வரை பையன்களை முந்தி ஓட்டியவள். பெரிய பிள்ளை ஆன பிறகு வீட்டில் சைக்கிளைத் தொட விடவில்லை. பன்னிரண்டு பேரில் பெண்கள் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் கிட்டத்தட்ட இதே கதை. மாதம் 500 ரூபா அவர்களும்தான் கட்டுகிறார்கள், ஆனால் எங்கள் சைக்கிள் ஏழும் பையன்களுடையது. இதை அதுவரை நாங்கள் யோசிக்கவே இல்லை என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மண்டபத்தில் வைத்தால் மாலையில் அவர்களும் வரலாம், வீட்டிலும் விடுவார்கள். அதே நேரம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "பொம்பளப் புள்ளைங்களுக்கு உள்ளுக்குள்ள ஓட்டத்தான் மெசின் இருக்கே" என்று நாளைக்கு யாராவது சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். ட்ரெயினர் மழைக்குத்தான். மழை விட்டதும் எல்லாரும் ரோட்டுக்கு. முறைப் பட்டியலில் அதையும் எழுதியிருக்கிறோம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

பாவித்த காந்த ட்ரெயினர் தேடுகிறவர்களுக்கு எங்கள் குறிப்பு. உங்கள் சைக்கிளையே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், பேச்சை நம்பாதீர்கள். 26 அங்குலமும் 700சியும் இரண்டும் உட்காருகிறதா பாருங்கள். உருளையைக் கையால் சுற்றுங்கள், கரகரவென்றால் பெயாரிங் போயிருக்கிறது. நெம்பை ஒவ்வொரு படியாக மாற்றி எதிர்ப்பு உண்மையில் கூடுகிறதா என்று மிதித்துப் பாருங்கள். கால்களின் பூட்டு ஆடக்கூடாது. எண்ணெய் வகை என்றால் அடியில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வாங்கிய பிறகு ஒவ்வொரு தடவையும் டயர் காற்றை ஒரே அளவில் வையுங்கள். முன் சக்கரத்துக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைத்தால் சைக்கிள் சமமாக நிற்கும். ஹேண்டில் மேல் துவாய் போடுங்கள், வேர்வை உப்பு செயினையும் ஆணியையும் தின்றுவிடும். நம்ம மழைக்கால ஈரத்தில் துரு இரண்டு நாளில் பிடிக்கும். நமக்கு விசித்திரமாகத் தோன்றும் ஒன்று: மின்விசிறி வேண்டும். கொட்டகலையில் யார் வீட்டில் விசிறி இருக்கிறது என்று சிரிக்க வேண்டாம். ரோட்டில் ஓடும்போது காற்று நம்மைக் குளிர வைக்கும். நின்ற இடத்தில் அந்தக் காற்று இல்லாததால் இந்தக் குளிரிலும் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். விசிறி இல்லாவிட்டால் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள்.

எங்கள் முடிவு இது. 60,000இல் பாதிக்கு மேல் ட்ரெயினருக்குப் போகக்கூடாது. மிச்சத்தில் ஏழு சைக்கிளுக்கும் புதிய பிரேக் கட்டை, பின்னால் சிவப்பு லைட். அதற்கும் மேல் மிஞ்சினால் பெண்கள் ஓட்ட எட்டாவதாகப் பழைய சைக்கிள் ஒன்று.

முடிவை எடுத்த அன்று மாலை, காரை எலும்பு முறிந்தவனின் வீட்டுக்குப் போனோம். சைக்கிள் நகராது, சட்டத்தில் பூட்டியிருக்கும் என்று அவன் அம்மாவுக்குப் படம் காட்டி விளக்கினோம். நிறைய நேரம் பார்த்தார். "அப்ப இது எங்கயும் போகாது?" என்று கேட்டார். போகாது அம்மா என்றோம். சாவியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மழ நிக்கிற வரைக்கும் மண்டபத்துலயே இருக்கட்டும். நின்னதும் எனக்குச் சொல்லிட்டுத்தான் ரோட்டுக்கு எடுக்கணும்." சரி என்று வந்துவிட்டோம்.